பெர்மனென்ட் ஆகாத சித்தப்பா

தொண்ணூறுகளில், மராத்தி ஊரில் பிழைக்க வந்த எங்கள் போபோடி சந்தில் ஓர் ஆளை எடைபோட ஒரே ஓர் ஆங்கிலச் சொல் போதும்: பெர்மனென்ட். நல்லவன், உழைப்பாளி, குடிக்காதவன் எல்லாம் அதற்குப் பின்னால் கைகட்டி நிற்க வேண்டும். அப்பா பெர்மனென்ட். எங்களோடு இருந்த சித்தப்பா டெம்பரவரி.

சித்தப்பாவின் கம்பெனியில் சில மாதம் வேலை கொடுப்பார்கள். தொடர்ந்து வைத்திருந்தால் நிரந்தரமாக்க வேண்டிவருமே! அதனால் நடுவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பிறகு புது ஆளைப் போலச் சேர்த்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர் பிரேக். என்ன சாமர்த்தியம், நாசமாய்ப் போக.

எனக்கோ பிரேக் வந்தால் கொண்டாட்டம். பள்ளிக்குச் சித்தப்பாவின் சைக்கிளில் போவேன். சாயங்காலம் வடாபாவ், சங்கராந்தி சமயமென்றால் பட்டமும் உண்டு. பெர்மனென்டான அப்பா ஷிப்ட் முடிந்து வந்ததும் எரிந்து விழுவார். இரண்டில் எது உசத்தி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "எங்க சித்தப்பா டெம்பரவரி" என்று வகுப்பில் பீற்றிக்கொண்டேன்.

ஏரவாடாவில் அவருக்கு ஒரு பெண்ணைப் பேசி வைத்திருந்தார்கள். நான் சித்தி என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தேன். அவள் அப்பா மட்டும், பெர்மனென்ட் ஆகட்டும் என்று இழுத்துக்கொண்டிருந்தார். மறுபடியும் பிரேக் வந்தது. மனுஷர் நேரே வீட்டுக்கே வந்துவிட்டார்.

"கோவிச்சுக்காத தம்பி. பொண்ணப் பெத்தவன் எவ்ளோ நாள்தான் காத்துக் கெடப்பேன்? பேங்குல பியூன், பெர்மனென்ட். நல்ல எடம் வந்திருக்கு."

அம்மாதான் பொங்கினாள். "எங்க கொழுந்தனுக்கு ஒரு பீடி, சிகரெட் உண்டா? அதக் கேட்டீங்களா?"

கொழுந்தன் வந்தவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

கல்யாணத்துக்கு எங்கள் வீட்டில் யாரும் போகவில்லை. சித்தப்பா மட்டும் என்னைச் சைக்கிளில் உட்காரவைத்துக்கொண்டு போனார். மண்டபத்துக்கு எதிர்ப்புறம் சாலையோரம் நின்றோம். ஐஸைச் சீவிக் குச்சியில் பிடித்துச் சாயம் ஊற்றிய கோலா வாங்கிக் கொடுத்தார்.

"உள்ள போலாம் சித்தப்பா, சித்தியப் பாக்கலாம்."

"வேணாம் பாப்பா, இங்கேர்ந்தே நல்லாத் தெரியுது."

வேறு ஒருவரைக் கட்டிக்கொண்டால் சித்தி எனக்குச் சித்தியில்லை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பேண்டு காதைப் பிளந்தது. நான் தெருவோரமாகவே ஆடினேன். சித்தப்பா கைதட்டினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"சித்தப்பா, நீங்க எப்பவும் டெம்பரவரியாவே இருங்க" என்றேன்.

"சரிடா கண்ணு."

சொன்ன சொல்லைக் கடைசிவரை காப்பாற்றினார், பாவி மனுஷன்.