நயினார் சொன்ன ஒரே பொய்

காலை ஏழு மணிக்குச் செங்கம் சாலையில் இருக்கும் என் வீட்டு வாசலில் செல்வி வந்து நின்றாள். கீழ்பென்னாத்தூரில் ஆசிரியையாக இருக்கிறாள். நம் பள்ளியில் முதன்முதலாக ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்த பெண்களில் ஒருத்தி. வேலைக்குப் போகிற நேரத்தில் இந்தப் பக்கம் எதற்கு வந்தாள் என்று யோசிப்பதற்குள், "சார், நயினார் போயிட்டாருங்க. ராத்திரி தூக்கத்துலயே" என்றாள். "எந்த நயினார்?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்தது ஒரே நயினார்தான். வேறு யாராவதாக இருக்கட்டுமே என்ற நப்பாசையில் கேட்டது அது.

நம் பள்ளியின் இந்த மலரைப் படிக்கிற உங்களில் பலருக்குத் தன்யகுமார் நயினாரைத் தெரியும். தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணில் பயிர் செய்துவரும் சமணக் குடும்பம். டவுனில் வேர்க்கடலை மண்டி. கடைசி மகளை நம் பள்ளியில்தான் சேர்த்திருந்தார். அந்தத் தகுதியில் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரானவர், மகள் படித்து முடித்த பிறகும் யாரும் அவரை விடாததால் பதினோரு வருடம் தலைவராகவே இருந்தார். நெடுநெடுவென்று உயரம், வெள்ளை வேட்டி, தாழ்ந்த குரல். பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று ஊரே சொல்லும். எழுபதுகளின் நடுவில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகித் தலைமையாசிரியனாக வந்த எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மண்டி வைத்திருப்பவர் பொய் சொல்லாமல் இருப்பாராவது என்று ஆசிரியர் அறையில் கேலி பேசியிருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அப்போது நம் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். ஒன்பதாவது படிக்க வேண்டுமென்றால் ஊரின் கிழக்கு ஓரத்திலிருந்து டவுனைக் கடந்து போக வேண்டும். பையன்கள் போனார்கள். பெண் பிள்ளைகள் எட்டாவது முடித்த கையோடு களை பறிக்கப் போனார்கள். உயர்நிலைப் பள்ளியாக்கச் சொல்லி மனு கொடுத்திருந்தோம். இடம் தயாராக இருந்தது. ஆனால் கல்வி அதிகாரிக்குச் சந்தேகம்: "கட்டடம் கட்டிடலாம். உங்க ஜனங்க பொண்ணுங்கள அனுப்புவாங்களா? மூணு மாசக் கூட்டத்துக்கு எத்தன பெத்தவங்க வந்தாங்கன்னு எழுதி அனுப்புங்க, பாக்கலாம்." எங்களோடு இன்னொரு ஊரும் மனு போட்டிருந்தது. யாராவது ஒருவருக்குத்தான் கிடைக்கும்.

கழகக் கூட்டம் மாதத்தின் இரண்டாவது வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு நடக்கும். கடைக்காரர்கள் இரண்டு பேர், ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர், நயினார், நான். அவ்வளவுதான் கூட்டம். காலனியிலிருந்து ஒருவர் வந்து நான் பார்த்ததில்லை. இதைப் போய் அதிகாரிக்கு எழுதி அனுப்ப முடியுமா? எல்லாப் பள்ளியிலும் செய்வதை நானும் செய்தேன். பதிவேட்டைப் பார்த்துப் பெற்றோர் பெயர்களை வரிசையாக நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதி, நயினாரிடம் கையெழுத்துக்கு நீட்டினேன். அவர் ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தார். பிறகு பேனாவை மூடி என்னிடமே கொடுத்தார்.

"வராதவங்கள வந்தாங்கன்னு எழுத முடியாது சார். வர வெக்கணும்" என்றார்.

"இந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போடாவிட்டால் ஒன்பதாம் வகுப்பு அந்த ஊருக்குப் போய்விடும்" என்று கொஞ்சம் சூடாகவே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நாலு மணிக்குக் கூப்புட்டா கழனில நிக்கறவங்க எப்படி வருவாங்க? விளக்கு வெக்கற நேரத்துல வெச்சுக்கலாம்" என்றார். அந்தப் பக்கத்தை நானே குறுக்கே கோடு போட்டு அடித்தேன்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு சுற்றறிக்கை தயார் செய்து, பிள்ளைகள் மூலம் வீட்டுக்கு வீடு அனுப்பினேன். ஆறரை மணிக்குப் பள்ளி மரத்தடியில் எழுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். சேறு காயாத கால்களோடு வந்திருந்தார்கள். பாதிப் பேர் பெண்கள். என் சுற்றறிக்கையின் மகிமை என்றே நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தக் கூட்டத்தில்தான் டீ பிரச்சினை வந்தது. டீக்கடைகளில் காலனிக்காரர்களுக்குத் தனி கிளாஸ் வைத்திருந்த காலம் அது. பள்ளியில் எல்லோருக்கும் ஒரே மாதிரி கிளாஸ். முதல் கிளாஸைத் தலைவர் முன்னால் வைத்தேன். நயினார் அதைக் குடிக்காமல் மெல்லப் பக்கத்தில் நகர்த்தினார். அடுத்த மாதமும் அப்படியே. நகர்த்துவதற்கு முன்னால் மலையை வேறு ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார். எழுந்து போக நேரம் பார்க்கிறார் என்று நினைத்தேன். மற்றவர்களோடு சமமாக உட்கார்ந்து டீ குடிக்க மனமில்லாதவர் எதற்காகத் தலைவராக இருக்கிறார் என்று உள்ளுக்குள் கறுவினேன். நினைத்ததைச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. சொன்னவள் செல்வியின் அம்மா கன்னியம்மா. காலனியில் இருப்பவள், நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போகிறவள்.

"எங்ககூட ஒக்காந்து ஒரு டீ குடிக்க மாட்டேன்றீங்க. எங்க புள்ளைங்களுக்கு நீங்க எப்படிங்க பேசுவீங்க?" என்று எழுந்து நின்று கேட்டாள்.

எல்லோரும் நயினாரைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கு அவர்கள் எழுந்து போயிருந்தால் திரும்ப வந்திருக்க மாட்டார்கள். ஒன்பதாம் வகுப்பும் வந்திருக்காது. நயினாரும் எழுந்து நின்றார்.

"கேக்க வேண்டிய கேள்விதான்மா. பொழுது சாஞ்சா நாங்க தண்ணிகூட வாயில ஊத்த மாட்டோம். எங்க வழக்கம் அது. நாளைக்கு மத்தியானம் உங்க வூட்டுக்கு வரேன். குடிக்கறதுக்கு என்னா குடுக்கறீங்களோ குடுங்க."

மறுநாள் உச்சி வெயிலில் அவர் காலனிக்குள் போனதையும், கன்னியம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரை நிதானமாகக் குடித்ததையும் தெருவே நின்று பார்த்தது. மலையைப் பார்த்தது எதற்கென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் பள்ளிக்கு மேற்கே மலை. சூரியன் அதன் பின்னால்தான் இறங்கும். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவரைத் தேடி மண்டிக்கே போய், "உங்களுக்காகக் கூட்டத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம் சார். அவங்களுக்குத் தோது இதுதான். நான் வூட்ல சாப்ட்டுட்டுதான் வரேன்" என்றார்.

மூன்று மாதப் பக்கங்களும் அதிகாரிக்குப் போயின. அவ்வளவு கைநாட்டையும் பார்த்து அவர் நம்பவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஜீப்பில் வந்து இறங்கினார். மரத்தடியில் நிறைந்திருந்த கூட்டத்தைத் தலை தலையாக எண்ணினார். பிறகு முன்வரிசையில் இருந்த கன்னியம்மாவிடம், "ஒம்பதாவது வந்தா உங்க பொண்ண அனுப்புவீங்களா?" என்று கேட்டார். "அதுக்குத்தான் சார் கழனிலேருந்து அப்படியே வந்து ஒக்காந்துகினு இருக்கேன்" என்றாள் அவள். அந்த ஜூன் மாதம் ஒன்பதாம் வகுப்புக்கு மணி அடித்தேன். ஊர்க்கார ஆணும் பெண்ணும் இப்படிக் கூடி உட்கார்ந்து ஒரு அரசாங்கப் பள்ளியை இழுத்து மேலே ஏற்ற முடியும் என்பதை, அத்தனை வருடம் வாத்தியாராக இருந்த நான் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

நயினார் மறைந்த பத்தாம் நாள் கன்னியம்மாவும் நானும் அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். அவர் மனைவி பத்மாவதி அம்மாள் என்னைப் பார்த்ததும் கைகூப்பினார்.

"நீங்க இருந்த வரைக்கும் அவர நல்லா பாத்துக்கினீங்க சார். மீட்டிங் வெள்ளிக்கெழமன்னா வூட்ல சாப்ட மாட்டாரு. இருட்டறதுக்கு முன்னாடியே ஸ்கூல்ல எனக்குன்னு பலகாரம் குடுத்துடறாங்க, நீ ஆக்கி வெக்காதன்னுவாரு. அந்த நன்றிய நான் ஒங்ககிட்ட சொன்னதே இல்ல."

"ஆமாம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது?

தெருமுனைக்கு வந்ததும் கன்னியம்மா என் பக்கம் திரும்பினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அஞ்சு மணிக்கெல்லாம் அவரு எங்க தெரு மொனைல வந்து நின்னுகினு இருப்பாரு சார். கழனிலேருந்து வர்ற ஒவ்வொருத்தரையும், வாங்க, ஒங்க புள்ள படிப்பு விஷயம்னு கூப்புடுவாரு. பொழுது எறங்கற வரைக்கும் அங்கதான். எங்களையெல்லாம் கூட்டிக்கினுதான் ஸ்கூலுக்கே வருவாரு. எப்ப சாப்ட்டாரு?"

நான் நடு ரோட்டில் நின்றுவிட்டேன். வந்தது என் சுற்றறிக்கைக்காக அல்ல. படிக்கத் தெரியாதவர்களுக்குச் சுற்றறிக்கை எதற்கு என்றுகூட எனக்குத் தோன்றியிருக்கவில்லை. வீட்டில் சாப்பிட்டேன் என்று பள்ளியிலும், பள்ளியில் சாப்பிட்டேன் என்று வீட்டிலும் சொல்லிவிட்டு, சூரியன் இறங்கும் அந்த ஒரு மணி நேரத்தைத் தெருமுனையில் செலவழித்திருக்கிறார். இரவெல்லாம் தண்ணீரும் இல்லாமல் மறுநாள் வெயில் வந்த பிறகுதான் வாய் நனைத்திருக்கிறார். அவர் தலைவராக இருந்த வரைக்கும் மாதம் தவறாமல் இது நடந்திருக்கிறது. இப்படியும் ஒரு மனிதர் இருப்பாரா என்று இன்றைக்கும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. அவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தவன் நான் என்பதை நினைத்தால் இன்னும் மலைப்பாக இருக்கிறது.

என்னிடம் அவருடைய புகைப்படம் இல்லை. நான் வைத்திருப்பது நயினார் சொன்ன அந்த ஒரு பொய்யை மட்டும்தான். அதை அப்படியே மூடி வைத்துவிடலாம் என்றுதான் பல நாள் நினைத்தேன். ஆனால் இதை எழுத உட்கார்ந்தால், பேனாவை மூடி என்னிடம் நீட்டிய அந்தக் கைதான் கண்முன் வந்து நிற்கிறது.

பத்மாவதி அம்மாள் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். அம்மா, என்னை மன்னியுங்கள். அன்றைக்கு உங்கள் வீட்டில் நான் ஆமாம் என்று சொன்னது பொய். எங்கள் பள்ளியில் அவர் ஒரு நாளும் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. சாப்பிடாதவரைச் சாப்பிட்டார் என்று என்னால் எழுத முடியாது.