பக்கத்து மேசைக்கு ஏற்றுமதி

இருட்டில் வெப்பத்தைக் காணும் கேமராக்களின் லென்ஸுக்கு மேல்பூச்சு பூசுவது அவள் வேலை. பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் பொறியாளர். கல்யாணப் பேச்சு தள்ளிப்போய்த் தள்ளிப்போய், கடைசியில் யாரும் கேட்பதையே விட்டுவிட்டார்கள். அவளை வாய் நிறைய ‘அக்கா’ என்று கூப்பிட ஒரே ஒருத்திதான் இருந்தாள். பக்கத்து மேசையில் ஆராய்ச்சி செய்யும் மாணவி. வேறு நாட்டுக் குடியுரிமைக்காரி.

கொஞ்ச நாளாக மாணவி பூச்சேற்றிச் சூடாக்கிய லென்ஸ்கள் குளிரவைக்கும்போதெல்லாம் விரிசல் விட்டன.

“இன்னைக்கும் போச்சுக்கா. தொட்டாலே நொறுங்குது, எங்க மாமியார் மனசு மாதிரி.”

“உனக்கு ஏதுடி மாமியார்?”

“வரப்போறவங்களைத்தான் சொல்றேன்!”

அக்காவும் சிரித்தாள். ஆனால் விரிசலுக்குக் காரணம் அவளுக்குத் தெரியும். ஒரே மூச்சில் குளிரவைக்கக் கூடாது. பாதி வழியில் நிறுத்தி, அதே சூட்டில் வெகுநேரம் வைத்திருக்க வேண்டும். எதிர் அறையில், ராணுவத்துக்கான திட்டத்தில் அவளே கண்டுபிடித்தது. அதனாலேயே அது ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிக்குள் அடங்கியது.

கூடத்துக்குத் தலைவரான பேராசிரியரிடம் போய் நின்றாள்.

“சார், அவகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லிடட்டுமா?”

“அது ஏற்றுமதிம்மா.”

“பக்கத்து மேசை சார். கப்பல்லயா ஏத்தப் போறேன்?”

“வெளிநாட்டுக்காரங்க காதுல விழுந்தாலே அந்த நாட்டுக்கு அனுப்பின கணக்குதான். அனுமதி கேட்டு எழுதலாம். வர்றதுக்குள்ள அவ படிப்பே முடிஞ்சிரும். மீறினா உங்க வேலையோட போகாது, இந்தக் கூடத்தையே பூட்டிடுவாங்க.”

எழுதிப் போட்டாள். பதில் வரவில்லை. தினமும் அந்தப் பெண்ணின் அழுது வாடிய முகத்தைப் பார்த்தபடி சோற்றோடு வார்த்தைகளையும் சேர்த்து விழுங்கினாள்.

“நீங்க இதுல ஊறினவங்க. நான் எங்கேக்கா தப்புப் பண்றேன்?”

“தெரியலையேம்மா.”

பாவி மனசு! அந்தப் பொய்க்காக எத்தனை முறை குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருப்பாள்!

ஒரு மதியம் மாணவி ஓடி வந்தாள். கையில் முழு லென்ஸ்.

“நானே கண்டுபிடிச்சிட்டேன்க்கா! குளிரவைக்கும்போது நடுவுல நிறுத்திட்டேன்!”

ஆனந்தத்தில் அக்காவுக்குக் கண் நிறைந்தது. தன்னை மறந்தாள்.

“எவ்வளவு நேரம் நிறுத்தினே? ஒரு மணி நேரம் பத்தாதே?”

மாணவியின் சிரிப்பு அப்படியே உறைந்தது.

“உங்களுக்கு... முன்னாடியே தெரியுமா?”

ஆமாம் என்று சொல்லவும் விதி விடாது. அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் அழுததை எல்லாம் பார்த்துட்டுத்தான் உட்கார்ந்திருந்தீங்களா? ஏதாவது சொல்லுங்கக்கா.”

“லென்ஸ் நல்லா வந்திருக்கும்மா.”

மாணவி லென்ஸைத் துணியில் சுற்றிக்கொண்டு வெளியேறினாள். படிகளில் இறங்கும் காலடிச் சத்தம் ஓயும்வரை அவள் அசையவில்லை.

மறுவாரம் மாணவி தன் மேசைக்கு மேல்மாடியில் இடம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.