பெரியப்பா சாவுக்குப் பறந்த ராக்கெட்

சேகர் அண்ணன் போய்விட்டார். இன்று காலை, கடைக்குக் கிளம்பும்போது நெஞ்சுவலி. ஆட்டோவில் ஏற்றினார்களாம். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது ஆள் இல்லை.

நாற்பத்தேழு வயது. சிம்மக்கல்லில் ஒரு பைப் மொத்தக் கடையில் பதினெட்டு வருடம் சேல்ஸ்மேன். நான் அதே கடையில் ஐந்து வருடமாக பில் போடுகிறேன்.

அவரைப் பற்றி எழுத வேண்டுமென்றால் ராக்கெட்டைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

தீபாவளி ராக்கெட் இல்லை. அட்டைக் குழாய், மரச் சிறகு, பிளாஸ்டிக் மூக்கு, மடித்து வைக்கிற பாராசூட்... எல்லாம் தனித்தனியாக ஒரு பெட்டியில் வரும், நாம்தான் ஒட்ட வேண்டும். ஆன்லைனில் வாங்கியிருந்தார். கூடவே மருந்து அடைத்த விரல் நீள மோட்டார் மூன்று. ஒரு மோட்டாருக்கு ஒரு தடவைதான் பறக்கும்.

யாருக்கண்ணே இது என்று கேட்டேன். அவருக்குப் பிள்ளை இல்லை என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது.

"எனக்குத்தான் தங்கச்சி. இதுவும் பைப்புதான். ஆனா மேல போகுதுல்ல."

சாப்பாட்டு நேரத்தில் கடை மாடியில் உட்கார்ந்து ஒட்டினார். இரண்டு வாரம். சிறகு நேராக இருக்கிறதா என்று கடை ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். கஸ்டமருக்குக் கூட அவ்வளவு சுத்தமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை.

முதல் மோட்டாரைக் கெடுத்தது சந்தனம்.

ராக்கெட்டின் விலாவில் ஒரு சின்னக் குழல் இருக்கும். அதைத் தரையில் நட்ட கம்பியில் கோத்துத்தான் நிறுத்த வேண்டும். அண்ணன் புது வண்டிக்குச் செய்வதுபோல சந்தனம் குங்குமம் வைத்தார், சரியாக அந்தக் குழலும் கம்பியும் சேருகிற இடத்தில். வெயிலில் காய்ந்து இறுகிவிட்டது.

வயர் இழுத்து வைத்த பட்டனை அமுக்கினால் நெருப்பு வருகிறது, புகை வருகிறது, ராக்கெட் கிளம்பவில்லை. நின்ற இடத்திலேயே டப்பென்று பாராசூட்டைத் துப்பியது. மதினி, அவர் மனைவி, எலுமிச்சம்பழத்தை எடுத்து முந்தியில் முடிந்துகொண்டு, "சாமியே வேணாம்னுருச்சு, வாங்க சாப்பிடுவோம்" என்றார்.

இரண்டாவது, ஒரு ஞாயிறு மதியம். ஞாயிறும் எங்களுக்குப் பாதி நாள் ஸ்டாக் எடுக்கிற வேலை. மேலூர் ரோட்டில் ஒரு காய்ந்த கண்மாய். மதியத்துக்கு மேல் அங்கே காற்று பேயாக அடிக்கும். பறந்தது... பாராசூட்டைக் காற்று இழுத்துப்போய்க் கருவேல முள்ளில் மாட்டியது. ஒரு சிறகு ஒடிந்தது.

முள்ளுக்குள் நிற்கிறோம். கரையில் ஒருவர் பைக்கை நிறுத்தினார். என்ன விழுந்தது, அடிபட்டதா, ஒன்றும் கேட்கவில்லை. "நீங்க என்ன ஆளுக?" என்றார்.

இந்த மண்ணில் ஆகாயத்திலிருந்து விழுந்தாலும் சாதியைச் சொல்லிவிட்டுத்தான் விழ வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் காலில் முள்ளை உருவிக்கொண்டே, "பைப் கடை ஆளுகண்ணே" என்றார். அந்த ஆள் போய்விட்டார்.

மிச்சம் ஒரே ஒரு மோட்டார்.

அதைக் காற்று இல்லாத காலை நேரத்தில்தான் விடுவேன் என்றார். நேராக ஏறி நேராக இறங்குவதை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்றார். ஆனால் கடையில் ஆறு மணிக்கு லாரி லோடு. அதற்கு அவர் நிற்க வேண்டும். நாலு மாதம் கேட்டார்... ஒரு காலை, அரை நாள் லீவு. முதலாளி தரவில்லை.

எங்கள் கடையில் கேள்வி கேட்காமல் லீவு கிடைப்பது சாவுக்கு மட்டும்தான். நெருங்கிய சொந்தமென்றால் கடைப் பேரில் மாலையும் போகும்.

ஒரு புதன்கிழமை விடியலில் அண்ணன் முதலாளிக்குப் போன் போட்டு, பெரியப்பா தவறிவிட்டார் என்றார். அந்தப் பெரியப்பா செத்துப் பத்து வருடம் ஆகிறது. "போயிட்டு வாய்யா, சாவுக்கு லீவு குடுக்காம இருக்க நான் என்ன மனுசன் இல்லையா" என்றாராம் முதலாளி. முதலாளியின் அடுத்த போன் எனக்கு. மாலை வாங்கிக்கொண்டு கடை சார்பில் நீ போய்விட்டு வா என்று.

விஷயத்தை அண்ணன் முந்தின நாளே என் காதில் போட்டிருந்தார். ஒரு முழு ரோஜா மாலையோடு மேலூர் பஸ்ஸில் போனேன். பக்கத்து சீட்டுக்காரம்மா பாவமாகப் பார்த்தார்கள்.

கண்மாய்க் கரையில் என்னைப் பார்த்ததும் மதினி சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டார். "மாலை வந்துருச்சு, பொணத்தைக் காணோம்."

ஓர் இலைகூட அசையவில்லை. சந்தனம் இல்லை. ஒட்டுப்போட்ட சிறகு. அண்ணன் பட்டனை மதினியிடம் கொடுத்துவிட்டு ராக்கெட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சர்ர்... அவ்வளவுதான். கண் சிமிட்டுவதற்குள் புள்ளி. பிறகு அந்தப் புள்ளியிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் பாராசூட் விரிந்தது. அப்படியே நேராக, அவசரமே இல்லாமல் இறங்கியது. நாற்பது அடி தள்ளி. அண்ணன் ஓடவில்லை. நடந்துபோய்க் கையில் ஏந்திக்கொண்டு வந்தார்.

வாங்கின மாலையை என்ன செய்வது? மதினி அதை அவர் கழுத்தில் போட்டார். நான் போட்டோ எடுத்தேன். மூன்று பேரும் தோசை சாப்பிட்டோம். பதினொரு மணிக்கு அவர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். எனக்குத்தான் பில்லில் எண்ணே ஓடவில்லை.

இன்று முதலாளி கடைக்கு அரை நாள் லீவு விட்டிருக்கிறார். காலை அரை நாள். இதைப் படித்தால் படிக்கட்டும்.

செல்லூரில் அவர் தெருமுனையில் பிளக்ஸ் கட்டிவிட்டார்களாம், படம் வந்தது. மதினி கொடுத்தது அந்தக் கண்மாய் போட்டோதான். வேறு எதிலும் அவர் சிரிக்கவே இல்லையாம். பிளக்ஸ்காரர் ராக்கெட்டை வெட்டிவிட்டார். ஆனாலும் தோளுக்குப் பக்கத்தில் அதன் சிவப்பு மூக்கு கொஞ்சம் தெரிகிறது.

இந்தத் தடவையும் கடை மாலையோடு என்னைத்தான் அனுப்புகிறார்கள்.

வாரேண்ணே.