அம்மாவின் கண்ணில் பார்த்த நீலம்

"கண்ணுக்கே தெரியாததை வரைஞ்சு வெச்சா, ஆரு கண்ணு பாக்கப்போகுது அம்மணி?"

கோவையில் நுண்ணுயிரியல் படிக்கச் சேர்ந்த புதிதில் அம்மா இப்படிக் கேட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதில் எனக்குக் கர்வம் உண்டு. மைக்ராஸ்கோப்பில் பார்த்த பாசி, வெங்காயத் தோல், குளத்துநீர் உயிர்கள் எல்லாவற்றையும் வெளிச்சம் ஊடுருவித் தெரிவது போலவே வரைந்து வீட்டுச் சுவரில் ஒட்டுவேன்.

போன வருடம் கிணத்துக்கடவு பக்கம் ஒரு தோட்டத்தில் மக்காச்சோளத்தட்டு அறுக்கும்போது, தோகை அம்மாவின் வலது கண்ணைக் கீறிவிட்டது. கூட அறுத்த அக்கா நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிக் கண்ணில் பிழிந்துவிட்டார். எங்கள் பக்கம் கண்ணுக்கு அதுதான் முதல் வைத்தியம். எனக்குப் பரீட்சை என்று அம்மா போனில் மூச்சே விடவில்லை. நான் ஊருக்குப் போனபோது கருவிழியில் வெள்ளை படர்ந்திருந்தது.

கோவையில் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். கருவிழியிலிருந்து துளி சுரண்டி எடுத்தார்கள். என் படிப்பைக் கேட்ட ஆய்வகத்து அண்ணன், "நீங்களே பாருங்க" என்று மைக்ராஸ்கோப்பை விட்டு நகர்ந்துகொண்டார். இருட்டுக்குள் சாயமேறி நீலமாக ஒளிரும் இழைகள், கிளை கிளையாக. எத்தனை அழகு என்றுதான் முதலில் தோன்றியது. அம்மாவின் கண்ணைத் தின்கிற பூஞ்சை அது என்பது பிறகுதான் உறைத்தது.

"அடிபட்ட அன்னைக்கே வந்திருக்கோணுங்க" என்றார் டாக்டர். மருந்து, ஆபரேஷன், எதற்கும் அந்தக் கண் திரும்பவில்லை.

அதன்பின் நான் பிரஷ்ஷைத் தொடவில்லை. அம்மாதான் ஒருநாள் சொன்னார். "என்ற கண்ணுக்குள்ள இருந்ததை நீ பாத்துட்டே. நான் பாக்க வேண்டாமா? வரைஞ்சு குடு கண்ணு."

கறுப்புத் தாளில் வரைந்தேன். அதை இடது கண்ணருகே தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இத்தனை லட்சணமா இருந்துக்கிட்டா இந்த வேலை செஞ்சுபோட்டுது?"

சிரிக்கப் பார்த்தோம். இருவருக்கும் முடியவில்லை.

இந்த அறுவடைக்கு, அரிவாள் எடுக்கும் முன்பே அதே தோட்டத்துக்கு அம்மாவோடும் அந்தப் படத்தோடும் போனேன். அறுக்க வந்தவர்களுக்குப் படத்தைக் காட்டி, கண்ணில் கீறினால் எதையும் பிழியாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். பூப் பிழிந்த அக்கா படத்தைத் தொட்டுப் பார்த்து அழுதுவிட்டார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

யார் கண் பார்க்கும் என்ற கேள்விக்கு இன்று என்னிடம் பதில் இருக்கிறது. அந்தப் பதிலுக்கு அம்மாவின் கண் போயிருக்க வேண்டாம். நேற்று பக்கத்து ஊர்த் தோட்டத்துக்கும் போய்வந்தோம், பஸ்ஸில் படம் அம்மாவின் மடியில்தான் இருந்தது.