கரட்டில் சாமியைத் திட்டினேன்

போன வெள்ளிக்கிழமை காலை என் வீட்டுக்காரரை "யோவ்" என்று கூப்பிட்டேன்.

கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம். "என்னங்க" தவிர வேறு வார்த்தை இந்த வாயில் வந்ததில்லை. அதுவும் பழனிக்கு மாலை போட்டு, பச்சை வேட்டி கட்டி நிற்கிற மனுஷனை யாராவது "யோவ்" என்பார்களா? நான் சொன்னேன். ஒரு தடவை இல்லை... ஏழெட்டுத் தடவை. இதை எழுதும்போதும் கோபம் அடங்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்கு — நூல் மில்லில் ஃபிட்டர். வயது ஐம்பத்தெட்டு. ஆறு வருஷமாகச் சுகர். போன வருஷம் எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று வேண்டிக்கொண்டாராம்: "இவ நல்லபடியா எந்திரிச்சா, திண்டுக்கல்லுல இருந்து பழனி வரைக்கும் செருப்பில்லாம நடந்து வாரேன் முருகா." நான் எழுந்துவிட்டேன். அவர் தைப்பூசத்துக்கு மாலை போட்டுவிட்டார்.

மாலை போட்டவரை வீட்டில் "சாமி" என்றுதான் கூப்பிட வேண்டும். முகம் சுளிக்கக் கூடாது. எதிர்த்துப் பேசக் கூடாது. எனக்கும் இதிலெல்லாம் பயபக்தி உண்டு. ஒரு மாதமாக வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

வெறுங்காலில் நடந்து பழக வேண்டும் என்று, ஊருக்கு வெளியே இருக்கிற கரட்டுக்குப் போகலாம் என்றார். சின்னக் குன்றுதான். உச்சியில் முருகன் கோயில். படி வழியாக ஏறினால் அரை மணி நேரம். அபிஷேகத்துக்குப் பஞ்சாமிர்தம் செய்து கொடுக்க மலைவாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், பேரீச்சை எல்லாம் வயர் கூடையில் எடுத்துக்கொண்டேன். "சாமி காரியத்துக்குப் போகும்போது போன் என்னத்துக்கு?" என்று இரண்டு போனையும் வீட்டிலேயே வைக்கச் சொல்லிவிட்டார். வைத்தேன்.

அடிவாரத்தில் இறங்கினால்... எதிரே நிற்கிற மாட்டைக்கூடப் பார்க்க முடியவில்லை. அப்படி ஒரு பனி. பல் கிடுகிடுவென்று ஆடுகிறது.

"படியில ஏறினா கால் பழகாது. பின்பக்கமா ஆட்டுத் தடம் இருக்கு, அதுல போவோம்."

"பனியா இருக்கே சாமி. வழி தெரியுமா சாமி?"

"கோயில் ரேடியோ பாடுதுல்ல? பாட்டு வர்ற திசையில ஏறினா கோயிலு. இதுக்கு மேப்பு வேற வேணுமா?"

நியாயமாகத்தான் பட்டது. பாட்டைப் பிடித்துக்கொண்டு ஏறினோம். கல்லும் முள்ளும். ஒரு மணி நேரம் ஆனது. கோயிலைக் காணோம். ஏறுகிறோம், இறங்குகிறோம், சுற்றுகிறோம். பாட்டு மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

"சாமி, பாட்டு கீழ இருந்துல்ல கேக்குது?"

"மலையில சத்தம் அப்படித்தான். எதிரொலிக்கும்."

"இந்தக் கள்ளிச் செடிய ஏற்கெனவே பாத்தோம் சாமி."

"கள்ளி எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். செத்த நேரம் சும்மா வா."

ஒரு ஆண்பிள்ளை வழி தவறிவிட்டேன் என்று சொல்லி எந்த ஊரிலாவது கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

கொஞ்ச தூரத்தில் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். களைப்பு என்று நினைத்தேன். பக்கத்தில் போய்ப் பார்க்கிறேன் — முதுகெல்லாம் வேர்வை. நான் குளிரில் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிற்கிறேன், அவர் துண்டு பிழிகிற மாதிரி நனைந்திருக்கிறது. கை நடுங்குகிறது.

என்னைப் பார்த்து, "இன்னைக்கு எனக்கு நைட் ஷிஃப்டு இல்லியே?" என்றார்.

சம்பந்தமே இல்லாத பேச்சு. கூடையைக் கீழே வைத்துவிட்டு அவர் தோளைப் பிடித்தேன்.

"சாமி... காலையில மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன்... நீ திட்டுவியேன்னு போட்டேன்."

"சாப்பிடாமயா? கோயிலுக்குப் போய்ட்டு வந்து, சாப்பாட்டோட போடுங்கன்னு தானே எடுத்து வச்சேன்!"

"மாத்திரை மருந்துல்ல? அது விரதத்துல சேராது. சோறுதான் சேரும்."

எப்படி இருக்கிறது கணக்கு? மாத்திரை போட்டால் விரதம் முறியாதாம். சாப்பிட்டால்தான் முறியுமாம். டாக்டர் என்னை உட்கார வைத்துப் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்: "இந்த மாத்திரையைப் போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தா சுகர் கீழே போயிடும்மா, வேர்த்துக் கொட்டும், ஆள் மயங்கிடுவார்." நான் படித்தது எட்டாம் வகுப்பு. எனக்குப் புரிந்தது. ஐ.டி.ஐ. படித்தவருக்குப் புரியவில்லை.

கூடையைத் திறந்தேன். ஒரு நொடி கை நின்றது. பொய் சொல்லக் கூடாது... நின்றது. சாமிக்கு என்று எடுத்து வைத்ததைப் படைக்கிறதுக்கு முன்னால் மோந்துகூடப் பார்க்காதவள் நான். அந்த ஒரு நொடிதான். பழத்தை உரித்து, சர்க்கரையில் புரட்டி, அவர் வாய்க்கிட்டே கொண்டுபோனேன்.

தட்டிவிட்டார். பழம் மண்ணில் விழுந்தது.

"முருகனுக்குப் போற சாமான்... பூஜை முடியல..."

அப்போதுதான் வந்தது. முப்பத்தொரு வருஷமும் சேர்ந்து வந்தது.

"யோவ்! வாயைத் திறய்யா! எனக்காக வேண்டிக்கிட்டு, இந்த நட்டநடுக் கரட்டுல என் தாலிய அறுக்கப் பாக்குறியா? நான் எந்திரிச்சு நடமாடுறது எதுக்கு, உனக்குக் கொள்ளி வைக்கவா? திறய்யா வாயை!"

தாடையைப் பிடித்து ஊட்டினேன். தேனைக் கையில் ஊற்றி நாக்கில் தடவினேன். பேரீச்சையைப் பிய்த்துத் திணித்தேன். திட்டிக்கொண்டே ஊட்டினேன், அழுதுகொண்டே திட்டினேன். பத்து நிமிஷமா, இருபது நிமிஷமா தெரியவில்லை. நடுக்கம் நின்றது. கண் தெளிந்தது. என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

"ஏலக்காய் போடலியா?"

நீங்கள் சிரிப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

என் சத்தம் கேட்டுத்தான் ஆடு மேய்க்கிற ஒரு அம்மா பனிக்குள்ளே இருந்து வந்தார்.

"எங்கிட்டு போகணும் தாயி?"

"முருகன் கோயிலுக்கு அக்கா. பாட்டுச் சத்தத்த வச்சு வந்தோம்."

"நல்லா வந்தீக! இது எங்க ஊரு காளியம்மன் கோயில் ரேடியோக் குழாயில்ல பாடுது. கரட்டச் சுத்தி நாலு ஊரு, நாலு ஊருலயும் குழாய் கட்டி விடிய முன்ன போட்டுவிட்டுர்றாக. முருகன் கோயிலு அந்தாக்குல, கரட்டுக்கு அந்தப் பக்கம்."

ஒரு பாட்டு நின்றதும் இன்னொன்றைப் பிடித்து, நாலு சாமியையும் சுற்றியிருக்கிறோம்! அந்த அம்மாதான் தார் ரோடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார். ஆட்டோவில் ஏறி வீட்டுக்கு வந்து, முதல் வேலையாக நாலு இட்லி வைத்தேன். நாலையும் சாப்பிட்டார்.

இதோடு முடிந்திருந்தால் இந்த வாரம் வேறு ஏதாவது எழுதியிருப்பேன். சாயங்காலம் அவரே போய் குருசாமியிடம் ஒப்பித்துவிட்டார். எங்கள் தெருவிலிருந்து பாதயாத்திரைக் குழுவைக் கூட்டிப் போகிறவர் அவர்தான். மாவு மில் வைத்திருக்கிறார். கேட்டுவிட்டு, "படைக்காததைத் தின்னாச்சு. மாலை போட்ட சாமியப் பொம்பள வாய்யா போய்யான்னு பேசியாச்சு. விரதம் முறிஞ்சு போச்சு. கழட்டிட்டு அடுத்த வருஷம் பாப்போம்" என்றாராம்.

மனுஷன் முகம் செத்து வீட்டுக்கு வந்தார். "வேண்டுதல முடிக்காம விட்டா உனக்கு ஏதாவது ஆயிரும்" என்றார். எனக்கு மறுபடியும் கோபம் ஏறியது. நேரே மாவு மில்லுக்குப் போனேன்.

"அண்ணே, உங்களுக்குச் சுகர் உண்டா?"

"அது எதுக்கும்மா இப்ப?"

உள்ளே மாவு சலித்துக்கொண்டிருந்த அவர் சம்சாரம் சொன்னார்: "நல்லாக் கேளு தாயி! இவரும் மாத்திரைய முழுங்கிட்டு உச்சிப்பொழுது வரைக்கும் வெறும் வயித்தோடதான் கெடக்காரு. நேத்து கல்லாவுல உக்காந்தபடி சரிஞ்சிட்டாரு. வெளிய சொல்லாதேன்னு என் மேல சத்தியம் வாங்கிக்கிட்டாரு."

மில் ஓடிக்கொண்டிருந்ததால் அவருக்கு ஒரு வசதி — காது கேட்காத மாதிரி இருந்துவிட்டார். மாலையைக் கழற்றச் சொல்லி மறுபடி பேச்சு வரவில்லை.

உங்கள் வீட்டில் மாலை போட்டவர்கள் இருக்கிறார்களா? மாத்திரை டப்பாவை உங்கள் இடுப்பிலே சொருகிக்கொள்ளுங்கள். சாப்பாடு உள்ளே போகாமல் மாத்திரை போகக் கூடாது. "பாவம், பக்தியா இருக்காரு" என்று வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். நான் இருந்தேன். இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தால்?

என் வீட்டுக்காரர் பழனிக்கு நடக்கத்தான் போகிறார். காலையில் இட்லி, அப்புறம் நடை. கூடவே நானும் நடக்கிறேன், கையில் ஒரு சீப்பு பழத்தோடு.

"நமக்கு முன்னாடி தின்னுட்டான்னு முருகன் கோச்சுக்குவாரோ?" என்று நேற்றுகூடக் கேட்டார்.

ஒரு பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு மலையேறி நின்றவன் அவன். பழம் யாருக்கு எப்போது வேண்டும், கோபம் எதனால் வரும் என்பதெல்லாம் அவனுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?