சிப்பிக் கரையில் எட்டு மாதம்

போன வாரம் விழுப்புரம் பேருந்து நிலையத்தில் வறுத்த மல்லாட்டை, வேர்க்கடலைதான், வாங்கினேன். மல்லாட்டை தீர்ந்த பிறகும் பொட்டலக் காகிதத்தைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. ஓரத்தில் வரிசையாகத் துளைகள், வெளிர்பச்சையில் பட்டை பட்டையாகக் கோடுகள். பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் கரகரவென்று ஏறி வருமே, அந்தக் காகிதம். ஏதோ அலுவலகத்தில் கழித்துப் போட்டது பொட்டலமாகியிருக்கிறது. அதை மோந்து பார்த்தேன். பக்கத்தில் நின்ற அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தள்ளி நின்றார்.

இந்த மாதிரித் தாளின் பின்பக்கத்தில்தான் நானும் மாலாவும் ஒரு தீவுக்கு வரைபடம் போட்டோம். இல்லாத தீவு. ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் இருந்த தீவு.

தொண்ணூற்றாறில் நான் திண்டிவனத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டீச்சர். காலையில் விழுப்புரத்தில் பாசஞ்சர் ஏறினால் மயிலம் தாண்டுவதற்குள் அன்றைய பாடத்தைப் படித்து முடித்துவிடுவேன். மாணவர்களுக்கும் எனக்கும் பாடத்தில் அரை நாள்தான் வித்தியாசம். சென்டர் ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது. கீழே யூரியா வாடை, மேலே புதுப் பிளாஸ்டிக் வாடை. ஏசி இருந்தது. அது எங்களுக்கு அல்ல, ஆறு இயந்திரங்களுக்கு. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். தூசி பட்டால் கம்ப்யூட்டர் செத்துவிடும் என்று ஊரே நம்பிய காலம். வைரஸ் செருப்பு வழியாகத்தான் ஏறுகிறது என்று நம்பியவர்களும் உண்டு. அதில் நான் இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

செருப்போடு வருகிறவர்களை அதட்டுவது மாலாவின் வேலை. அவளும் அங்கே டீச்சர், என் வயசுதான், மேல்சித்தாமூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள். நானோ கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இரண்டு விரலால் தட்டுகிறவள். மாலா வீடு ஜைனக் குடும்பம், பொழுது சாய்ந்தபின் சாப்பிடும் வழக்கமில்லை. அதனால் நாலரை மணிக்கு வகுப்பு கலைந்ததும் டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவாள். சாப்பிட்டு, கை கழுவி, உட்கார்ந்தால் ஐந்தேகால் பஸ்ஸுக்கு அரை மணி நேரம் மிச்சம். அந்த அரை மணிதான் எங்கள் தீவு.

இயந்திரம் பழுதுபார்க்க வந்தவர் விட்டுப்போன ஃபிளாப்பியில் அந்த விளையாட்டு இருந்தது. படம் கிடையாது, சத்தம் கிடையாது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. உன் கப்பல் உடைந்துவிட்டது, ஒரு கரையில் ஒதுங்கியிருக்கிறாய், வடக்கே காடு தெரிகிறது என்று ஆங்கிலத்தில் சொல்லும். நாமும் ஆங்கிலத்தில் இரண்டு சொல்லில் பதில் தட்டவேண்டும். வடக்கே போ. கயிற்றை எடு. கதவைத் திற. எப்படியாவது தீவைவிட்டுத் தப்பவேண்டும். மாலா தட்டுவாள், நான் வரைபடம் போடுவேன். ஒரு மாதம் கழித்துத்தான் நான் கிழக்கையும் மேற்கையும் மாற்றிப் போட்டிருக்கிறேன் என்று கண்டுபிடித்தாள்.

“இன்னாடி, சூரியன் மயிலம் மலை பக்கமா மொளைக்குதா ஒனக்கு?”

ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தாள். ஒருத்தி இல்லாமல் இன்னொருத்தி ஆடக் கூடாது.

இந்தக் காலத்து விளையாட்டில் எங்கே போகவேண்டும் என்று அம்புக்குறி காட்டுகிறார்கள். கல்யாண மண்டபத்துக்கு வழி காட்டுகிற மாதிரி இருக்கிறது. பழைய விளையாட்டுகள் அப்படி உபசரிக்காது. ஏன் செத்தாய் என்றுகூடச் சொல்லாது. அது அநியாயம்தான். ஆனால் அந்த அநியாயம்தான் சோறு தின்னும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் நம்மை யோசிக்க வைத்தது. இதை என் உறுதியான கருத்தாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற விஷயங்களில் என் கருத்துகள் அவ்வளவு உறுதி இல்லை.

தீவின் நடுவே ஒரு கலங்கரை விளக்கம். அதன் படிக்குக் கீழே சுரங்கம். சுரங்கத்தைத் தாண்டினால் சிப்பிக் கரை. அங்கே ஓர் அடி வைத்தால், கூரான சிப்பிகள் உன்னைக் கிழிக்கின்றன, நீ இறந்தாய். அவ்வளவுதான் சொல்லும். பலகை போட்டுப் பார்த்தோம். கம்பளி விரித்தோம். கடலில் நீந்திச் சுற்றிப் பார்த்தோம், சுறா தின்றது. சிப்பி என்றால் மரக்காணத்துக்காரனுக்குத் தெரியாமலா போகும் என்று மீன்பிடிக்கும் வீட்டிலிருந்து வந்த மாணவன் ஒருவனைக் கேட்டோம். “காலைல தண்ணி எறங்கனப்புறம் போங்க டீச்சர்” என்றான். விளையாட்டில் விடியும்வரை காத்திருந்தோம். விடிந்தது. செத்தோம். எட்டு மாதம்.

நாங்கள் செய்த தப்பு இதுதான். விளையாட்டில் நம் காலில் பூட்ஸ் இருக்கும். கலங்கரை விளக்கத்தின் வாசலில் ஒரு கால்மிதி கிடப்பதாக விளையாட்டு சொல்லும். அங்கே வந்ததும் மாலா தவறாமல் பூட்ஸைக் கழற்று என்று தட்டுவாள். சரி என்று அதுவும் கேட்டுக்கொள்ளும். எதற்கு என்று முதல் நாளே கேட்டேன்.

“உள்ள வெளக்கு எரியுது. பூட்ஸோடவா போவாங்க?”

எனக்கும் நியாயமாகவே பட்டது. வீட்டில் என்றால் போன வாசல் வழியாகவே திரும்பி வந்து மாட்டிக்கொள்வோம். இங்கே சுரங்கம் வழியாகப் போய்விடுகிறோம். வெறுங்காலோடு சிப்பியில் நடக்கிறோம் என்பது இரண்டு டீச்சர்களுக்கும் உறைக்கவில்லை.

மாலாவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று அவள் லீவு போட்ட ஒரு சனிக்கிழமை. நாலரைக்கு வகுப்பு கலைந்தது. கை சும்மா இருக்கவில்லை. சும்மா ஒரு தடவை பார்க்கலாமே என்று ஃபிளாப்பியைப் போட்டேன். இரண்டு விரல்காரிக்கு ஒவ்வோர் எழுத்தும் பாரம், தேவையில்லாததைத் தட்ட மாட்டாள். பூட்ஸைக் கழற்றாமலே உள்ளே போனேன். சிப்பிக் கரையில் கால் வைத்தேன். சிப்பிகள் நொறுங்குகின்றன என்றது. நான் நடந்துகொண்டிருந்தேன். கால் மணி நேரத்தில் விளையாட்டே முடிந்துவிட்டது.

திங்கட்கிழமை மாலா வந்தாள். இடம் முடிவாகிவிட்டது, வந்தவாசிப் பக்கம், மூன்று வாரத்தில் வேலையிலிருந்து நின்றுகொள்ள வேண்டும். “அதுக்குள்ள இத முடிச்சிடணும்டி” என்றாள். நான் தலையாட்டினேன். அவளே கண்டுபிடிக்கட்டும், அந்தச் சந்தோஷத்தை நான் ஏன் கெடுக்கவேண்டும் என்று நினைத்தேன். விடுகதைக்கு விடை தெரிந்தவளால் தனக்குத்தானே அதைப் போட்டுக்கொள்ள முடியாது. தெரியாதவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதில் மட்டும்தான் அவளுக்குச் சுகம். அந்த மூன்று வாரமும் அந்தச் சுகத்தை நான் நன்றாகவே அனுபவித்தேன், ஒப்புக்கொள்கிறேன்.

கடைசி நாள் ஐந்து மணிக்கு அவள் பூட்ஸைக் கழற்றப் போனபோது வாய் தாங்கவில்லை.

“அத கழட்டாத, மாலா.”

அவள் கை நின்றது. திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். டைப்பிஸ்ட் மூளை, வேகமாகத்தான் ஓடியது.

“முடிச்சிட்டியா?”

அவள் டிபன் பாக்ஸை மூடிப் பைக்குள் வைத்தாள். “பஸ்ஸு வந்துடும், வர்றேன்” என்று படியிறங்கினாள். கல்யாணத்துக்குப் பத்திரிகை தபாலில் வந்தது. நான் போகவில்லை. போக முகம் இல்லை.

மல்லாட்டைக் காகிதம் வந்த சாயங்காலம் வீட்டில் லேப்டாப்பில் தேடினேன். அந்த விளையாட்டு கிடைத்தது. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்பதும் தெரிந்தது. மறுபடி ஆடினேன். தீவு இவ்வளவு சின்னதா என்று இருந்தது. வழிகாட்டிக் குறிப்புகளில் சிப்பிக் கரை எப்படி இருக்கிறது என்று ஆவலோடு தேடினேன். ஒரே வரி. சுரங்கத்தைக் கடந்து கரை வழியே தெற்கே போகவும். எங்கும் யாரும் அங்கே செத்ததாகவே தெரியவில்லை. அது ஒரு புதிரே இல்லை. உலகத்தில் எல்லோரும் பூட்ஸோடு உள்ளே போய்விட்டிருக்கிறார்கள்.

இதை மாலாவுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பழைய மாணவி ஒருத்தியிடம் எண் வாங்கிக் கூப்பிட்டேன். பதினெட்டு வருடம் கழித்து அவள் குரல். விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், அன்று நான் தனியாக ஆடி முடித்தது தப்புதான் என்று ஆரம்பித்தேன்.

“முடிச்சதுக்கு யார்டி கோச்சிக்கினாங்க? மூணு வாரம் நான் சாவறத பக்கத்துல ஒக்காந்து பாத்துக்கினு இருந்தியே. அதுக்குத்தான்.”

இத்தனை வருடமும் தப்பான குற்றத்துக்கு வருந்திக்கொண்டிருந்திருக்கிறேன். அவளே பேச்சை மாற்றினாள்.

“சரி, இப்பவாவது சொல்லு. கடைசில இன்னா ஆவும்? பையன் கம்ப்யூட்டர்ல தேடிப் பாத்திருக்கலாம், தேடல.”

இந்தத் தடவை மறைக்கக் கூடாது என்று உடனே சொன்னேன். “ஒரு படகு இருக்கும். ஏறினா, தீவ விட்டுப் போயிட்டேன்னு ஒரு வரி வரும். அப்புறம் மார்க்கு.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

அவள் வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

“அந்தக் கரைக்கு அப்பால ஒரு ஊரே இருக்கும்னு நெனச்சிக்கினு இருந்தேன்டி, இத்தினி வருஷமும்.”

எப்படிப்பட்ட ஊர் என்று கேட்டேன். சொல்லும் முன் கேட்டிருக்க வேண்டியது.

“அதான் இல்லன்னு ஆயிடுச்சே, உடு” என்றாள்.