ஆடு கொடுத்தால் செங்கல்

பொம்மைக் கடையில் வேலை பார்ப்பவளுக்கு நாளெல்லாம் விளையாட்டுதான் என்று ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. ஒரே விதியைக் காலையிலிருந்து பதினோரு முறை ஒப்பித்தவளின் தொண்டையைத்தான் கேட்க வேண்டும். பொருளை விளக்கிச் சொல்லிச் சம்பளம் வாங்கும் தோழர்களே, உங்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நானாக வாங்கிக்கொண்ட வினை

2010-இல் சிதம்பரத்தில் ஒரு கடையில் இருந்தேன். முதலாளிக்குக் கடலூரில் பெரிய கடை. எங்கள் கடைக்கு வியாழக்கிழமை மட்டும் வருவார். அண்ணாமலை நகர் ஹாஸ்டலில் படித்த காலத்தில் ஒரு சீனியரின் பெட்டியில் நாங்கள் பைத்தியமாக ஆடிய தீவு விளையாட்டைப் பற்றி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அவரிடம் சொல்லிவிட்டேன். அட்டைத் துண்டுகளை அடுக்கினால் ஒரு தீவு. பகடையில் விழும் எண் யார் நிலத்தில் இருக்கிறதோ அவருக்கு மரம், செங்கல், ஆடு, கோதுமை, கல் என்று ஏதாவது விளைந்து சீட்டாகக் கைக்கு வரும். நம்மிடம் இல்லாததை அடுத்தவரிடம் பண்டமாற்று செய்து வாங்கி, ரோடு போட்டு வீடு கட்ட வேண்டும். தாயத்தைத் தவிர வேறெதுவும் ஆடாதவர்கூட அரை மணியில் பழகிவிடலாம்.

அந்த விளையாட்டில் ஆறு பெட்டி வந்து இறங்கியது. வருகிறவர்களுக்கு ஆடிக் காட்ட வாசலருகே எனக்கொரு மேஜை போட்டார்கள். எனக்குச் சொந்தமாக மேஜை கிடைத்தது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. அந்தப் பெருமை அடங்குவதற்குள் முதலாளி சொன்னார்: "உன் பேச்ச நம்பித்தான் எறக்கியிருக்கேன். மே மாசத்துக்குள்ள போவலன்னா மேஜைய எடுத்துடுவேன், நீ வாட்டர் பாட்டில் விக்கிற பக்கம் போயிடணும்."

பேராசிரியர்

முதலில் வந்து உட்கார்ந்தவர் கணக்குப் பேராசிரியர். நான் விதி சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்தினார். இரண்டு பகடையில் ஏழு ஏன் அதிகமாக விழுகிறது என்று என் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு எனக்குப் பாடம் எடுத்தார். முக்கால் மணி நேரம் தலையாட்டினேன். இவர் வாங்காவிட்டால் வேறு யார் வாங்குவார் என்று பெட்டியைத் துடைத்துக்கூட வைத்துவிட்டேன். அவர் எழுந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ரொம்ப அருமையான கேம்மா. என் பொண்ணுக்கு ஒரு ஸ்கிப்பிங் கயிறு குடு" என்றார்.

நெல்லிக்குப்பத்துக்காரர்

பேரனுக்குப் பந்து வாங்க வந்தவர். தீவைக் குனிந்து பார்த்து, "கோதுமை நம்ம பக்கம் ஏது? கரும்பு எங்க?" என்றார். கோதுமையையே கரும்பென்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். சம்மதித்தார். ஐந்து தடவை பகடை உருண்டது, அவர் எண் மட்டும் விழவில்லை. கூட ஆட உட்கார்ந்த மற்ற வாடிக்கையாளர்கள் கையில் சீட்டு குவிய, அவர் வெறுங்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டு எழுந்தார். "இதத்தான வருஷம் பூரா வயல்ல பாக்குறேன். காசு குடுத்து வூட்டுக்கு வேற வாங்கிட்டுப் போவணுமா?"

மாப்பிள்ளை விருந்து

மே கடைசி வாரம் திட்டக்குடியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பெண்ணைச் சிதம்பரத்தில் கொடுத்து ஒரு மாதம்தான் ஆகிறதாம். மாப்பிள்ளை, மாமனார், மச்சான் மூவரும் உட்கார்ந்தார்கள். புதுப் பெண்ணையும் கூப்பிட்டேன். "அவளுக்கு என்னா தெரியும், அவரு ஆடட்டும்" என்று அவள் அம்மா முடித்துவிட்டார். அவள் எல்லார் பையையும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாப்பிள்ளை செங்கல் கேட்டார். மாமனார் இருந்த மூன்றையும் எடுத்து நீட்டினார். சும்மா கொடுக்கக் கூடாது, பதிலுக்கு ஏதாவது வாங்க வேண்டும் என்றேன். காதிலேயே வாங்கவில்லை. மாமனாருக்கு ஏழு விழுந்தது. ஏழு விழுந்தால் திருடன் காயை ஒருவர் நிலத்தில் வைத்து அங்கே விளைச்சலை நிறுத்த வேண்டும். ஜெயித்துக்கொண்டிருந்தவர் மாப்பிள்ளை, திருடன் போய் உட்கார்ந்ததோ பெற்ற மகன் நிலத்தில். மச்சான் முகம் சுருங்கியது. மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே ஜெயித்தார். பண்டமாற்றுதான் இந்த ஆட்டமே என்று நான் கெஞ்சாத குறையாகச் சொன்னேன். மாமனாருக்கு வந்ததே கோபம்: "மாப்ளகிட்ட ஆடு வாங்கிக்கிட்டு செங்கல்லு குடுத்தேன்னு ஊர்ல தெரிஞ்சா, எந்த மூஞ்ச வச்சிக்கிட்டு சம்பந்தி வூட்டுக்குப் போவேன்?"

மேஜை

அடுத்த வியாழன் முதலாளி வந்தார். ஆறு பெட்டியும் அப்படியே இருந்தன. திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. நான் சொன்னது பொய்த்துப்போனதுதான் எனக்கு வலித்தது. இரண்டு பேர் மேஜையைத் தூக்கிப் போனார்கள். "பாத்துட்டுப் போறவன்லாம் உன் பக்கம் நிக்கிறான், வாங்கிட்டுப் போறவன் பாட்டில் பக்கம் நிக்கிறான். நீயும் அங்க போயி நில்லும்மா."

பாட்டில் பக்கம்

மறுநாள் அந்தப் புதுப் பெண் தனியாக வந்தாள். வளையல் வாங்குவதாகச் சொல்லிவிட்டு வந்தாளாம். பாட்டில்களைப் புரட்டுவதுபோல் நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அக்கா, அந்த ஆட்டத்துல என்கிட்ட செங்கல்லு இருந்து அவரு கேட்டா, குடுத்துதான் ஆவணுமா?"

வேண்டாம், இஷ்டம் இருந்தால் கொடுக்கலாம் என்றேன். ஆனால் ஆட மூன்று பேராவது வேண்டும் என்பதையும் சொன்னேன்.

"மாமியாரு இருக்காங்க. அவுங்க கேட்டாலும் இதேதான?"

"அதேதான்."

கையிலிருந்த பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே கேட்டாள். "இல்லன்னு சொன்னா கோவிச்சிக்கக் கூடாதுன்னு உள்ள இருக்குற பொஸ்தகத்துல போட்டிருக்கா?"

அப்படி ஒரு வரியும் கிடையாது. போட்டிருக்கிறது என்று கூசாமல் சொன்னேன்.

"அப்ப ஒண்ணு குடுங்க. அந்தப் பக்கத்த மட்டும் மடிச்சி வச்சிக் குடுங்கக்கா."

வாய் வலிக்க விதி ஒப்பித்தவள் நானாக இருந்தும், அந்த விளையாட்டு எதற்கு என்று எனக்கே புரியவைத்தவள் அவள் ஒருத்திதான். அதற்குள் என் மேஜையைத்தான் தூக்கிவிட்டார்கள்.